மிஸ்ஸி சொல்லாததும் சொன்னதும்

மிஸ்ஸி எதையாவது கேட்பதற்கு முன்னால் குழாயைத் திறந்துவிடுவார். மருந்தறையின் மூலையில் ஒரு வெள்ளைத் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் தடதடவென்று விழும். அந்தச் சத்தத்துக்குள் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், இப்ப சொல்லு" என்பார். வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது. "குழா தொறந்தாச்சுடி, என்னமோ இருக்கு" என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வதோடு சரி.

எழுபதுகளில் நாங்கள் இருந்தது மலேசியாவில், மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தாதியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு பெயர் உண்டு, எனக்கும் அது தெரியும். எழுத மனம் வரவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது நான்கு கட்டிலும் ஒரு மருந்தறையும் கொண்ட பலகைக் கட்டடம். ஆண்களை டிரஸர் என்னும் மருத்துவ உதவியாளர் பார்ப்பார். பெண்களையும் பிள்ளைகளையும் மிஸ்ஸி பார்ப்பார். புதன்கிழமைகளில் டவுனிலிருந்து ஒரு டாக்டர் வந்துபோவார்.

மிஸ்ஸிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுத்தில் நூல் போல ஒரு சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குப் பூசைக்குப் போய்விட்டு, மத்தியானம் கையில் ஒரு கட்டுக் கீரையோடு திரும்பி வருவார். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். அடுத்தவர் விஷயத்தைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் மட்டும் அவர் முகம் வானத்துக்குத் திரும்பிவிடும்.

"ஏன் மிஸ்ஸி, கடைசி வீட்டுப் பொண்ணுக்கு என்னா? ரெண்டு நாளா வந்துட்டுப் போவுதே?"

"மழ வரும் போல இருக்கேக்கா. துணி காயப் போட்டிருக்கீங்களா?"

வெயில் மண்டையைப் பிளக்கும் பங்குனி மாதத்திலும் இதே பதில்தான். கேட்டவள் வானத்தைப் பார்ப்பாள். ஒரு பொட்டு மேகம் இருக்காது. "அந்தம்மா வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவிய ஆத்துல வீசிருச்சு லா" என்று அம்மா சொல்வாள்.

எதிர் லயத்தில், அதாவது எதிர்வரிசை வீடுகளில், ஒரு பையன் இருந்தான். பதின்மூன்று வயதாகியும் தூக்கத்தில் பாயை நனைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ரோத்தான் பிரம்பால் அடித்துப் பார்த்தார், கோயில் பூசாரியிடம் தாயத்துக் கட்டிப் பார்த்தார். பையன் ஒருநாள் தானாகவே மிஸ்ஸியிடம் போய் அழுதிருக்கிறான். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்தான். காலில் புண்ணே கிடையாது. ஒரு புண்ணும் இல்லாத காலுக்கு இரண்டு மாதம் வெள்ளைத் துணி சுற்றி அனுப்பினார் மிஸ்ஸி. கட்டுப் போடும் சாக்கில் அவனிடம் பேசினார், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், எப்போது எழுந்துகொள்ள வேண்டும் என்று பழக்கினார். அப்பாவைக் கூப்பிட்டு, "கால்ல புண்ணு இருக்கு, ஆறுற வரைக்கும் அடிக்காதீங்க" என்றார். பையனுக்குச் சரியாகிவிட்டது. அவனே நான்கு பிள்ளைகளைப் பெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னதால்தான் இது எனக்குத் தெரியும்.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. அப்போது ஆறாம் வகுப்பு. சுற்று வட்டாரத் தோட்டப் பள்ளிகளுக்கெல்லாம் ஓட்டப்பந்தயம் வைத்திருந்தார்கள். அஞ்சல் ஓட்டத்தில் கடைசியாகக் கோலை வாங்கி ஓடுகிறவள் நான். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வயதுக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கக்கூசில் அதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடவில்லை, நேராக மிஸ்ஸியிடம் ஓடினேன்.

"மிஸ்ஸி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா பதினாறு நாளு ஒக்கார வச்சுருவாங்க. ஓட முடியாது."

"வலிக்குதா?"

"இல்ல."

"பயமா இருக்கா?"

"ஓட முடியாதேன்னுதான் பயமா இருக்கு."

மிஸ்ஸி வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். துணிகளை மடித்துக் கையில் கொடுத்து, எப்படி வைத்துக்கொள்வது, எப்படித் துவைத்து வெயிலில் போடுவது என்று எல்லாம் காட்டித் தந்தார். பிறகு சொன்னார்: "எப்பச் சொல்லணும்னு நீ முடிவு பண்ணிக்க. ஆனா நீயேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஓடினேன். எங்கள் பள்ளிக்கு இரண்டாம் இடம். அன்று சாயங்காலம் அப்போதுதான் நடந்தது போல அம்மாவிடம் போய் நின்றேன். அம்மாவை ஏமாற்ற முடியுமா? பத்து நிமிடத்தில் உண்மையை உருவிவிட்டாள். கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று கத்தினாள்.

"பெத்தவ நான். எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப சொல்லணுமா இல்லியா?"

"அதான் அவ சொல்லிட்டாள்ல."

அம்மா இரண்டு மாதம் மிஸ்ஸியோடு பேசவில்லை. நானோ மிஸ்ஸியிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

செல்வராணி எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோட்டத்து ஆபீசில் கூட்டிப் பெருக்கவும் கோப்பி கலக்கவும் போய்க்கொண்டிருந்தாள். ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒருவர் இருந்தார். மேனேஜர் துரை ஜீப்பில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் தோட்டம் என்றால் கிராணிதான். யாருக்கு எந்த வீடு, யாருக்கு எந்த மரம், யாரை நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்பது எல்லாம் அவர் சொல்வதுதான். அப்பா அவர் எதிரில் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்.

செல்வராணி ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர ஆரம்பித்தாள். ஒருநாள் எனக்குக் கையில் கட்டி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். மிஸ்ஸி அவள் முதுகில் கை வைத்துப் படி வரைக்கும் கூட வந்தார். அவள் முனை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகும் நின்றார். நான் காத்திருப்பதையே மறந்துவிட்டார் போல. உள்ளே தொட்டி நிறைந்து தரையெல்லாம் தண்ணீர்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலைப் பொழுதில், ரப்பர் பால் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குளத்தில் செல்வராணி மிதந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். அப்படிச் சொல்வது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

பிணத்தைக் குளிப்பாட்ட மிஸ்ஸியும் வந்திருந்தார். செல்வராணியின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள ஒங்ககிட்டதானே மிஸ்ஸி ஓடி ஓடி வந்தா. என்ன சொன்னா? எங்கிட்ட சொல்லாதத ஒங்ககிட்ட என்ன சொன்னா?"

மிஸ்ஸி வானத்தைப் பார்க்கவில்லை. "வயித்து வலின்னு சொன்னா அக்கா" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். சாக்கடை ஓரம் குனிந்து அவர் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிணத்தைப் பார்த்துப் பழகாத மிஸ்ஸியா என்று ஆச்சரியப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு மிஸ்ஸி கொஞ்சம் மாறிப்போனார். கூப்பிடாமலே லயத்துப் பக்கம் வருவார். பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டு வாசலில் நின்று, "சாப்பிடறியா? தூங்குறியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "மகனுக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி வருது" என்று பெண்கள் சிரித்தார்கள்.

நான் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படிக்கும்போது எனக்குப் பதினைந்து வயது. விடுதியில் தங்கிப் படிக்க மனுப் போடலாம் என்று பள்ளியில் வாத்தியார் சொன்னார். மனுப் பாரம் முழுதும் மலாய். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு தெரியாது. பெருமையோடு பெரிய கிராணியிடம் போய் நின்றார்.

"பொண்ண சனிக்கெழம மத்தியானம் ஆபீசுக்கு அனுப்பு. நானே ஒக்காந்து எழுதித் தர்றேன்" என்றார் கிராணி. அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார்.

மூன்று சனிக்கிழமை போனேன். அந்த அறையில் நடந்ததை எழுதப்போவதில்லை. ஆபீஸ் அந்நேரம் காலியாக இருக்கும். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. "வெளிய வாயத் தொறந்தா ஒங்கப்பன் நாளைக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்" என்று அவர் சொன்னார். இவ்வளவு போதும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள், அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எதத் தின்னாலும் கக்குது மிஸ்ஸி. எங்கயாச்சும் பயந்துக்கிச்சான்னு தெரியல, பாருங்க."

மிஸ்ஸி என்னைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகத்திலிருந்து எதுவோ வடிந்துபோயிற்று. அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவர், வழக்கம் போல "ம், இப்ப சொல்லு" என்று சொல்லவில்லை.

"மொதல்ல நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இதுவரைக்கும் நீ எங்கிட்ட சொன்ன எதையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இனிமேயும் சொல்ல மாட்டேன். ஆனா யாராச்சும் ஒம் மேல கைய வைக்கிறான், ஒனக்குக் கெடுதல் பண்றான்னு சொன்னியன்னா, அத என்னால மறைக்க முடியாது. வெளிய சொல்லித்தான் ஆவணும். அதத் தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லு."

அவர் சொன்னது காதில் விழுந்தது. நம்பத்தான் இல்லை. மிஸ்ஸி போய் யாரிடம் சொல்லப்போகிறார்? மூன்று வாரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததை அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அப்படியே கொட்டிவிட்டேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாரு?"

சொன்னேன். மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்ஸி."

"சத்தியம் பண்ண மாட்டேம்மா."

"அப்பாவ வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்?"

"ஏற்கெனவே ஒரு தடவ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மாவ உள்ள கூப்பிடப் போறேன். நீ சொல்றியா, நான் சொல்லட்டா? இல்ல ரெண்டு பேரும் சேந்து சொல்லுவமா?"

"நான் சொல்லல. நீங்களும் சொல்லக் கூடாது. ஒங்கள நம்பித்தான சொன்னேன்!"

மிஸ்ஸி எழுந்து போய்க் குழாயை மூடினார். அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்து, "அக்கா, உள்ள வாங்க" என்றார்.

அம்மா முதலில் என்னைத்தான் அறைந்தாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் டிரஸர், "நமக்கு எதுக்கு மிஸ்ஸி இந்த வம்பு? பேசாம விட்டுருங்க" என்றாராம். மிஸ்ஸி விடவில்லை. டவுனுக்குப் பஸ் ஏறிப்போய் டாக்டரிடம் சொன்னார். அங்கிருந்து போலீசுக்குப் போனார். இரண்டு நாளில் தோட்டமே பற்றிக்கொண்டது. குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றது.

போலீஸ் மாத்தா வரப்போகிறார், நாளைக்கு ஆபீசில் விசாரணை என்று செய்தி வந்தது. அப்பா அன்று பொழுது சாயும் நேரம் என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒரு நாளும் என் எதிரே தரையில் உட்கார்ந்தவர் இல்லை.

"அஞ்சு பேரு இருக்கோம்மா. தம்பி தங்கச்சி இருக்குது. இந்த வீட்ட விட்டா எங்க போவோம்? நடக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஒரே வார்த்த. அப்பறம் ஒன்னைய நான் அந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன்." அவர் கை என் பாதத்தைத் தொட்டது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

விசாரணைக்குத் துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மாத்தா. கிராணி வெள்ளைச் சட்டையில் ஜன்னலோரம் நின்றார். மிஸ்ஸி சுவரை ஒட்டி. மாத்தா மலாயில், பயப்படாமல் சொல், இது உண்மையா என்று கேட்டார். நல்ல மனிதர்தான், குரல் மெதுவாக இருந்தது.

"தாக் பெனார், எஞ்சே" என்றேன். உண்மை இல்லை ஐயா. "மிஸ்ஸிதான் தப்பா வெளங்கிக்கிட்டாங்க."

மிஸ்ஸி பக்கம் நான் திரும்பவில்லை. துரை அவரிடம் இங்கிலீசில் என்னமோ கேட்டார். வேறு யாராவது இந்த மாதிரி உங்களிடம் சொன்னதுண்டா என்று கேட்டிருக்கிறார். நான் படித்த இங்கிலீசுக்கு அது விளங்கியது. மிஸ்ஸி கழுத்துச் சிலுவையை விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு, இல்லை என்றார்.

அவ்வளவுதான். மாத்தா எழுதியதை மூடிக்கொண்டு போனார். மிஸ்ஸியை ஒரு மாதத்தில் வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

அவர் கிளம்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு தகரப்பெட்டியும் ஒரு துணிப்பையும்தான். பதினோரு வருடம் ஒவ்வொரு வீட்டுப் பிரசவத்துக்கும் ஓடி வந்தவரை வழியனுப்ப ஒருவரும் படியிறங்கவில்லை. எங்கள் வாசலில் மட்டும் நின்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். நான் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றேன்.

"நீ சொன்னது பொய் இல்லன்னு எனக்குத் தெரியும். அதச் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

எனக்கு அவ்வளவு ஆத்திரம். "ஏன் மிஸ்ஸி சொன்னீங்க? ஒங்கள நம்புனேன்ல?"

"ஆமா" என்றார். "நம்புன."

தன்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். முன்னாலேயே எச்சரித்தேனே என்றாவது சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சடக்கு ரோட்டு வழியே போனார். அவர் நடை அன்றைக்கு வேகமாக இல்லை.

யாரும் அவரை நம்பியதாகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு தாயும் தன் மகளை அந்த ஆபீஸ் பக்கம் அனுப்பவில்லை. கோப்பி கலக்க ஒரு வயதானவரை வைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போகவில்லை. நாலைந்து மாதத்தில் கிராணியை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். மனுப் பாரத்தை நான் அனுப்பவே இல்லை. என்னைப் பெண்டாங் ஊரில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். மிஸ்ஸியை வெறுத்துக்கொண்டே பல வருடம் இருந்தேன். மற்றவர்களை வெறுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

என் கல்யாணத்துக்கு ஆஸ்பத்திரி ஆயா வந்திருந்தாள். மருந்தறையில் ஊசி கொதிக்க வைப்பவள் அவள். மிஸ்ஸி காலத்தில் கூடவே இருந்தவள். தனியாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இப்பவாச்சும் ஒனக்குத் தெரியணும்னு சொல்றேன். அந்தச் செல்வராணி இருந்தாளே, அவளும் இதே ஆளப் பத்தித்தான் மிஸ்ஸிகிட்ட சொன்னா. சொல்லிடாதீங்க, சொன்னா எங்கம்மா செத்துரும்னு கால்ல விழுந்து அழுதா. மிஸ்ஸி சரின்னு வாக்குக் குடுத்துருச்சு. கொஞ்ச நாள் போவட்டும், மெதுவா பேசி அவ வாயாலயே அவம்மாகிட்ட சொல்ல வச்சிரலாம்னு நெனச்சிச்சு. அதுக்குள்ள அவ போயிட்டா."

"அப்ப அன்னிக்கித் தொரை கேட்டப்ப ஏன் சொல்லல? செல்வராணி பேரச் சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்களே?"

"அதுக்கு மொத நாளு என்னையக் கூட்டிக்கிட்டு அவம்மா வீட்டுக்குப் போச்சு. எல்லாத்தையும் சொல்லி, ஒங்க மக பேர நாளைக்கு நான் சொல்லலாமாக்கான்னு கேட்டுச்சு. அந்தப் பொம்பள வாயில துணிய வச்சு அடச்சுக்கிட்டு அழுதுச்சு. செத்த புள்ளைக்கு மானத்தையாச்சும் விட்டு வைங்க மிஸ்ஸின்னுச்சு. சரிக்கான்னு எந்திரிச்சு வந்துருச்சு. மறுநாளு நீயும் இல்லன்னுட்ட."

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயா என் கண்ணைத் துடைத்துவிட்டு, "மை அழியுது பாரு" என்றாள்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது எண்பதுகளின் முடிவில், சுங்கைப்பட்டாணியில். என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஒரு சின்னப் பிரசவ விடுதி. நான், என் கணவர், மாமியார், எட்டு வயது மகள் நான்கு பேரும் செர்டாங்கிலிருந்து வேனில் போயிருந்தோம். அங்கே எங்களுக்குப் பலசரக்குக் கடை. என் கணவர் நல்லவர். ஆனால் அந்த மூன்று சனிக்கிழமைகளைப் பற்றி அவருக்கு நான் சொன்னதில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது மிஸ்ஸிதான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். அதே நூல் சங்கிலி. எத்தனையோ வருடமாக மனதில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. வெளியே வந்தது ஒன்றுதான்.

"மிஸ்ஸி, என்னையத் தெரியுதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் ஒரு கணம் நின்ற பார்வை, பக்கத்தில் நின்ற என் கணவரிடம் போயிற்று. பிறகு மாமியாரிடம். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளிடம்.

"தெரியலியேம்மா. எத்தன பேரு வர்றாங்க போறாங்க" என்றார்.

என் கணவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். "இவங்க மெர்போக் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க மிஸ்ஸி. நீங்க அங்க இருந்திருக்கீங்களா?"

"நான் அந்தப் பக்கம் வேல பாத்ததே இல்ல தம்பி" என்றார் மிஸ்ஸி.

குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடிக்கும் விதத்தை மாமியாருக்குக் காட்டினார். நாத்தனாருக்குக் காய்ச்சல் பார்த்தார். என்னைக் கடந்து போகும்போது என் மகளின் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "இவ பேரு என்னா?" என்று என்னிடம் கேட்டார்.

"செல்வராணி" என்றேன்.

கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கட்டும்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். அன்றைக்கு நான் சொன்னதுதான் பொய், இவர் சொன்னது உண்மை என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு வாங்கி வந்த பழங்களை மேசைமேல் ஒவ்வொன்றாக அடுக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் ஒரு சாக்கு வைத்துத் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எவரிடமும் அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அவரைப் பார்த்த அன்று வேனில் திரும்பி வரும்போது நடந்ததுதான் என்னை இன்றுவரை விடாமல் அரிக்கிறது. என் கணவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "அந்த மிஸ்ஸிய நீ ஆள் மாறிப் பாத்துட்ட போல" என்றார்.

"ஆமா" என்றேன். "வேற யாரோ."